பசங்கள அனுப்பறோம், ஆனா எங்ககிட்ட எதையும் மறைக்காதீங்க

சிவதாபுரம், சேலம்
24.10.2021

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர் எங்க கொலுசுப் பட்டறைக்கு தினமும் வருதுங்க. காலைல எங்க வீட்டுக்காரரு படிப்பாரு, மத்தியானம் எங்கிட்ட வரும், சாயங்காலம் அதே பேப்பர விரிச்சு சலங்கைய கொட்டி எண்ணுவோம். நான் இதுவரைக்கும் எந்த பேப்பருக்கும் லெட்டர் எழுதுனதில்ல, இதுதான் மொதல் தடவ, தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க, தமிழ் நோட்டுல எழுதி பல வருஷம் ஆச்சு, எல்லாமே இப்ப வாட்ஸ்அப்ல தான.

விஷயம் என்னன்னா வர்ற நவம்பர் 1ஆம் தேதி திங்கக்கிழமை ஒண்ணாவதுலருந்து எட்டாவது வரைக்கும் ஸ்கூல் திறக்கறாங்க இல்லீங்களா, அதப்பத்தி தான். எங்களுக்கு ரெண்டு பசங்க. பெரியவன் ஒம்பதாவது, அவன் செப்டம்பர் 1லருந்தே போயிட்டு வர்றான். சின்னவ ரெண்டாவது. ரெண்டாவதுனு நான் சொல்றேனே தவிர அவ ஒண்ணாவது கிளாஸ்ல ஒரு நாள் கூட உக்காந்ததில்லீங்க. 2020 மார்ச்சுல யூகேஜி படிச்சுட்டு இருந்தப்ப லீவு விட்டாங்க, மார்ச் 31 வரைக்கும் தான்னு சொன்னாங்க, பாப்பா அவ மஞ்சக்கலர் வாட்டர் பாட்டில கிளாஸ்லயே மறந்து வெச்சுட்டு வந்துட்டா, சரி திறந்ததும் எடுத்துக்கலாம்னு நானும் விட்டுட்டேன். 19 மாசம் ஆச்சு. இடைல அந்த ஸ்கூலையே மாத்திட்டோம். கொரோனா வந்து ஆர்டர் நின்னப்ப பீஸ் கட்ட முடியல, 75 சதவீதம் வாங்கிக்கலாம்னு ஹைகோர்ட் சொன்னதுகூட எங்களுக்கு பெரிய தொகை தாங்க, அதனால இந்த ஜூன்ல நம்ம ஊரு யூனியன் ஸ்கூல்ல, அதாவது கவர்மெண்ட் ஸ்கூல்ல, சேத்துட்டோம். எங்க தெருவுல மட்டும் அஞ்சாறு வீட்டுல இதே கதை தான்.

போன வாரம் சும்மா வெளையாட்டுக்கு பாப்பாகிட்ட கேட்டேன், ஸ்கூல்ல மிஸ் உன் பேரக் கூப்பிட்டா என்ன பண்ணுவ கண்ணுனு. அன்மியூட் பண்ணி எஸ் மிஸ்னு சொல்லுவேன்னு சொல்றா. எங்க வீட்டுக்காரரு விழுந்து விழுந்து சிரிச்சாரு, எனக்கு சிரிப்பு வரல. அவளுக்கு கூடப் படிக்கற பசங்க மூஞ்சி ஒண்ணும் தெரியாது, வாட்ஸ்அப்ல வெக்கற டிபி படம் தான் தெரியும், ஒருத்தி ரோஜாப்பூ, ஒருத்தன் முருகன், ஒருத்தன் அவங்கப்பாவோட வண்டி. பென்சில் புடிச்சு நாலு வரி எழுதுனா கை வலிக்குதுங்கறா. வீட்டுல எட்டுப் பேரு நடுவுல ஒரு போன், அதுல ஆர்டர் பேசறது பாதி நேரம், மிச்ச நேரம் கிளாஸு, அதுலயும் நெட் தீர்ந்துரும்.

இவ்வளவு சொல்றியே அப்பறம் அனுப்பறதுக்கு என்ன யோசனைனு கேப்பீங்க. சொல்றேன்.

எங்கப்பா இந்த மே மாசம் போயிட்டாருங்க. அப்ப சேலத்துல பெட் கிடைக்கறது எப்படி இருந்துச்சுனு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, உங்க பேப்பர்லயே தினமும் போட்டீங்க. நாங்க ஆம்புலன்ஸ்ல வெச்சுக்கிட்டு காத்திருந்தோம். ஸ்டீல் பிளாண்டுல 500 ஆக்சிஜன் பெட் போட்டு முதலமைச்சர் வந்து திறந்து வெச்சது மே 20ஆம் தேதி, எங்கப்பா போனது அதுக்கு ஒரு வாரம் முன்னாடி. அந்த ஒரு வாரத்த நான் இன்னும் எண்ணிக்கிட்டு தான் இருக்கேன். அதனால ஸ்கூல் திறக்கறாங்கனு டிவில சொன்ன உடனே ஊரே சந்தோஷப்பட்டாலும் எனக்கு வயித்துல ஏதோ புரட்டுச்சு. எங்க அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, 68 வயசு, சுகர் இருக்கு, பாப்பா ராத்திரி அவங்க பக்கத்துல படுத்தா தான் தூங்குவா. ஸ்கூல்லருந்து வந்து ஆயா மேல கால் போட்டுத் தூங்கும், நான் என்னன்னு சொல்லித் தடுக்கறது.

பேப்பர்ல வர்றது எல்லாம் படிக்காம இல்லீங்க. ஜூலைல ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அதோட தலைவர் பல்ராம் பார்கவா சொன்னத எங்க வீட்டுக்காரரு கட் பண்ணி சாமி ரூம் கதவுல ஒட்டி வெச்சிருக்காரு, சின்னப் பசங்க உடம்பு இந்த வைரஸ பெரியவங்கள விட நல்லாவே தாங்கும், அதனால மொதல்ல பிரைமரி ஸ்கூல திறக்கறது தான் சரி, வெளிநாட்டுல சில ஊருல எந்த அலையிலயும் சின்னப் பசங்க ஸ்கூல மூடவே இல்லைன்னு. அப்ப பண்ண சர்வேல 6 வயசுலருந்து 9 வயசு வரைக்கும் இருக்கற பசங்கள்ல 57.2 சதவீதம் பேருக்கு ஏற்கனவே எதிர்ப்பு சக்தி வந்துருச்சாம், 10லருந்து 17 வரைக்கும் 61.6 சதவீதமாம். அதாவது பாதிக்கு மேல பசங்களுக்கு வந்துட்டுப் போயிருக்கு, நமக்கே தெரியல. வீட்டுக்காரருக்கு அது தைரியம். எனக்கு அதப் படிச்சதும் வேற மாதிரி தோணுச்சு, வந்தது கூட தெரியாம வந்துட்டுப் போகுதுன்னா அது எங்க அத்தைக்கு வர்றதும் தெரியாம தான வரும்? ஒரே நியூஸ் தான், அவரு ஒரு பக்கம் புடிச்சுக்கிட்டாரு நான் ஒரு பக்கம் புடிச்சுக்கிட்டேன், ரெண்டு நாள் பேச்சு வார்த்தை இல்ல. அத்தைக்கு மெகா கேம்ப்ல ரெண்டாவது ஊசியும் போட்டாச்சு, வாத்தியாருங்களும் போட்டுட்டாங்க, பசங்களுக்கு தான் இன்னும் இல்ல. இந்த மாசம் 12ஆம் தேதி நிபுணர் குழு 2 வயசுலருந்து 18 வயசு வரைக்கும் கோவேக்சின் போடலாம்னு சிபாரிசு பண்ணிருக்குனு பாத்தேன், சிபாரிசு எப்ப ஊசியா மாறும்னு தெரியல.

ஆனா நான் இந்த லெட்டர் எழுதறதுக்கு காரணம் இதெல்லாம் இல்லீங்க. செப்டம்பர்ல பெரியவன் ஸ்கூல்ல நடந்த ஒரு விஷயம். ஸ்கூல் பேரு போட வேண்டாம், அந்த வாத்தியாருங்க மேல எனக்கு கோபமும் இல்ல, அவங்களும் பயந்து போயி தான் இருந்தாங்க.

ஸ்கூல் போறதுக்கு முன்னாடி ஒரு ஒப்புதல் கடிதம் குடுத்தாங்க. அதுல என் மகன் என் முழு சம்மதத்துடன் பள்ளிக்கு வருகிறான், அவனுக்கு ஏதேனும் ஏற்பட்டால் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்லனு டைப் பண்ணி கீழ பெற்றோர் கையொப்பம்னு கோடு போட்டிருந்துச்சு. கையெழுத்து போடலைன்னா உள்ள விடமாட்டாங்க. சரினு போட்டுட்டேன். மொத ரெண்டு வாரம் நல்லாத் தான் போச்சு, கேட்ல சூடு பாக்கறாங்க, கைக்கு சானிடைசர் ஊத்தறாங்க, ரூமுக்கு 20 பேருக்கு மேல உக்கார வெக்கக்கூடாதுனு கவர்மெண்ட் சொன்ன மாதிரியே ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச்சொன்னாங்க. (ரூமுக்கு 20னு எண்ணி விட்டாங்க, ஸ்கூல் விட்டு வர்ற பஸ்ல எத்தன பேருனு யாரும் எண்ணல, படில தொங்கிட்டு வர்றான், அது வேற கதை.)

மூணாவது வாரம் ஒரு செவ்வாக்கிழம சாயங்காலம் வந்தவன் சோறு சாப்டுக்கிட்டே சாதாரணமா சொல்றான், எம்பெஞ்சுக்காரன் மூணு நாளா வரலைம்மானு. ஏன்டானு கேட்டா தெரியல, காய்ச்சலாம்ங்கறான். நான் சோத்துக் கரண்டியோட நின்னுட்டேன். அன்னிக்கி ராத்திரி பெற்றோர் குரூப்ல ஒருத்தர் அந்தப் பையனுக்கு பாசிட்டிவ்னு போட்டாரு, இன்னொருத்தர் அவங்க அப்பாவுக்கு தான் பாசிட்டிவ்னு போட்டாரு, மூணாவது ஆளு நாலு பேருக்கு பாசிட்டிவ்னு போட்டுட்டு ஒரு அழுகற பொம்மையும் போட்டாரு. கிளாஸ் வாத்தியாருக்கு போன் போட்டா எடுக்கல. காலைல ஹெட்மாஸ்டருக்கு போட்டேன், அதெல்லாம் வதந்திம்மா, நீங்க படிச்சவங்க நீங்களே இப்படி நம்பலாமானு கேட்டாரு. நான் பத்தாவது தான் படிச்சிருக்கேன், இருந்தாலும் அவரு அப்படிச் சொன்னதும் ஒரு மாதிரி நம்பிக்கை வந்து மறுநாள் பையன அனுப்பிட்டேன் பாருங்க. அது தாங்க இன்னிக்கி வரைக்கும் உறுத்துது.

வியாழக்கிழம மத்தியானம் சுகாதாரத்துறைக்காரங்க வந்து கிளாஸ்ல இருக்கற எல்லாருக்கும் மூக்குல குச்சி விட்டு எடுத்தாங்க. அப்பவும் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல. பையன் வீட்டுக்கு வந்து மூக்கு எரியுதும்மானு சொல்லித் தான் எனக்கே தெரியும். அந்த பெஞ்சுப் பையனுக்கு அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமயே பாசிட்டிவ்னு ரிசல்ட் வந்துருச்சாம், ஸ்கூலுக்கும் சொல்லியிருக்காங்க. அஞ்சு நாள் எல்லாத்தையும் வெச்சுக்கிட்டு கம்முனு இருந்திருக்காங்க. அந்த அஞ்சு நாளும் என் பையன் வீட்டுல ஆயா தட்டுலருந்து ஊறுகா எடுத்துச் சாப்டிருக்கான்.

ரிசல்ட் வர ரெண்டு நாள் ஆச்சு. வீட்டுல இருக்கறது ரெண்டு ரூமு, ஒண்ணு பட்டறை. அவன பட்டறைல படுக்க வெச்சோம், கம்பி மிஷினுக்குப் பக்கத்துல ஒரு பாய். அத்தைய பக்கத்து வீட்டு மாடிக்கு அனுப்புனோம், அவங்க என்ன கேட்டாங்க தெரியுமா, ஏம்மா உங்கப்பனுக்கு வந்த மாதிரியானு. பாப்பா அண்ணன் கிட்ட போகக்கூடாதுனு சொன்னதுக்கு ஜன்னல் கம்பி வழியா முறுக்கு நீட்டிக்கிட்டு இருந்தா. நான் அந்த ரெண்டு ராத்திரியும் ஆக்சிமீட்டர வெச்சுக்கிட்டு மணிக்கொரு தடவ எழுப்பி விரல்ல மாட்டுனேன், 98, 97, 98, தூக்கத்துலயே கைய நீட்டுவான் பாவம். சனிக்கிழம நெகட்டிவ்னு வந்துச்சு. மெசேஜ் வந்த உடனே நான் அழுதேன், எதுக்கு அழுதேன்னு எனக்கே தெரியல. மாஸ்க் ஒழுங்கா போட்டதுனாலயோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனதுனாலயோ தப்பிச்சான், அந்த பெஞ்சுப் பையனும் பத்து நாள்ல நல்லாயி வந்துட்டான், இப்ப ரெண்டு பேரும் மறுபடி ஒண்ணா தான் சுத்தறாங்க.

ஹெட்மாஸ்டர அப்பறம் நேர்ல பாத்தேன். சண்டை போடத் தான் போனேன். அவரு சொன்னது: வெளிய தெரிஞ்சா நாளைக்கே டிவிக்காரன் வருவான், பேப்பர்ல வரும், ஸ்கூல மூடச் சொல்லுவாங்க, நாலு மாசம் கழிச்சு பரிட்சை, இந்தப் பசங்க வாழ்க்கை என்னாகறதுனு. அவரு கண்ணு சிவந்து போயி தூங்காம இருந்த மாதிரி தெரிஞ்சுச்சு. மேல என்ன பேசறதுனு தெரியாம வந்துட்டேன். அதனால உங்களுக்கும் ஒண்ணு சொல்றேன் சார், கோவிச்சுக்காதீங்க, ஒரு ஸ்கூல்ல ஒரு பையனுக்கு வந்தா "பள்ளியில் கொரோனா, பெற்றோர் பீதி"னு நீங்க கட்டம் கட்டிப் போடறீங்க, அதுக்குப் பயந்து தான் அவங்க மூடி மறைக்கறாங்க, அவங்க மறைக்கறதுனால தான் எங்களுக்கு பீதியே வருது.

ஒருத்தருக்கு வந்துருச்சுனா அன்னிக்கி சாயங்காலமே அந்த கிளாஸ் பெற்றோருக்கு ஒரு மெசேஜ் போட்டா போதும். பேரு கூட வேண்டாம். "உங்க பையன் கிளாஸ்ல ஒரு மாணவருக்கு உறுதியாகியிருக்கு, வர்ற திங்கக்கிழம வரைக்கும் கிளாஸ் இல்ல, வீட்டுல வயசானவங்க இருந்தா தள்ளி வெச்சுக்கோங்க." அவ்வளவுதான். தெரிஞ்சா நாங்க பாத்துக்குவோங்க. ரெண்டு வருஷமா இதத்தான பண்ணிக்கிட்டு இருக்கோம், கஷாயம் வெக்கறதுலருந்து ஆக்சிமீட்டர் பாக்கறது வரைக்கும் எங்க தெருப் பொம்பளைங்க எல்லாரும் பாதி நர்ஸு தான் இப்ப.

இப்ப சின்னவ விஷயத்துக்கு வர்றேன். போன ஞாயித்துக்கிழம யூனியன் ஸ்கூல சுத்தம் பண்ண பெற்றோரக் கூப்பிட்டாங்க, நாங்க பத்துப் பதினஞ்சு பேரு வெளக்கமாறு பக்கெட்டோட போனோம். சுவத்துல எல்லாம் ஏப்ரல் 6ஆம் தேதி எலக்சனுக்கு எழுதுன வாக்குச்சாவடி நம்பரும் அம்புக்குறியும் அப்படியே இருக்கு. பாருங்க, ஓட்டுப் போட அதே ரூம்ல ஊரே வரிசைல நின்னோம், ஊசி போட நின்னோம், படிக்கறவங்க மட்டும் தான் வரல. பூட்டு ஓட்டைல குளவி கூடு கட்டியிருந்துச்சு. பெஞ்சுக்கு அடில சத்துணவு தட்டு ஒண்ணு கவுந்து கிடந்துச்சு, தூக்குனா அடில தேளு. பாத்ரூம் கதவு தாழ்ப்பாள் இல்ல, தண்ணி டேங்க்ல பாசி. சுத்தம் பண்ணியாச்சு, பிளீச்சிங் பவுடர் போட்டாச்சு, தாழ்ப்பாள என் வீட்டுக்காரரே பட்டறைலருந்து ஸ்குரூ கொண்டு வந்து மாட்டிட்டாரு. டீச்சரம்மா தங்கமானவங்க, இத்தன மாசமும் வீடு வீடா வந்து சத்துணவு அரிசி பருப்பு வாங்கிக்கச் சொல்லி ஞாபகப்படுத்துவாங்க, வர்றப்பயே வாசல்ல வெச்சு பாப்பாவ நாலு வரி படிக்கச் சொல்லிட்டுப் போவாங்க. மொத கொஞ்ச நாளு பாடம் கிடையாது, கதை பாட்டு படம் வரையறது தான்னு சொல்லிருக்காங்க, வருகை கட்டாயமும் இல்லையாம். அது நல்ல விஷயம்.

ஆனா அங்கயும் நான் கேட்ட ஒரு கேள்விக்கு யாருக்கும் பதில் தெரியல. பசங்களுக்கு சளி இருந்தா என்ன பண்றது? சிரிக்காதீங்க. ஐப்பசி மாசம், மழை, சளி ஒழுகாத புள்ள எந்த வீட்டுல இருக்கு? எங்க நங்கையாவ, அதாவது எங்க வீட்டுக்காரரோட அக்காவ, ஏற்காட்டுல நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துல கட்டிக் குடுத்திருக்கு. அங்க எல்லாம் இப்ப பத்து மணி வரைக்கும் மூடுபனி, எதுக்க வர்ற ஆளு தெரியாது. காலைல நடந்து வர்ற புள்ளைக்கு நெத்தி ஐஸ் மாதிரி இருக்கும், அந்த துப்பாக்கி மாதிரி மிஷின வெச்சா உள்ள காய்ச்சல் அடிச்சாலும் 95னு தான் காட்டும், அதே புள்ளைக்கு மூக்கு மட்டும் ஒழுகிட்டே இருக்கும். மிஷின நம்புனா எல்லாரையும் உள்ள விடணும், மூக்கப் பாத்தா ஒருத்தரையும் விட முடியாது. அதே மாதிரி எங்க ஊருல மத்தியானம் வெயில்ல நடந்து வந்தா 99 காட்டுது. இதுல டெங்கு சீசன் வேற. எத்தன நாளு காய்ச்சல் இருந்தா டெஸ்ட் எடுக்கணும், சளிக்கு லீவு போட்டா சர்டிபிகேட் கேப்பீங்களா, இத ஒரு சீட்டுல அடிச்சு குடுத்தா எவ்வளவு நல்லா இருக்கும்.

நங்கையா பேச்சு வந்ததுனால அங்கத்தக் கதையும் சொல்லிடறேன், ஏன்னா சேலத்துக்காரங்க ஏற்காடுனா போட் ஹவுசும் லேடீஸ் சீட்டும் தான் நினைக்கறோம். அந்தப் பக்கம் மலைக் கிராமத்துல போன் வாங்கினாலும் டவர் கிடையாது, பசங்க ரோட்டு வளைவுல ஒரு பாறை இருக்கு அதுமேல ஏறி உக்காந்து தான் வாட்ஸ்அப்ல வந்த பாடத்த டவுன்லோட் பண்ணிக்கிட்டு வரணும், மழைக்காலத்துல அதுவும் இல்ல. கல்வி டிவி பாக்கலாம்னா கரண்ட் போயிரும். அதனால அங்க அவங்க யாரும் எங்கள மாதிரி அனுப்பலாமா வேண்டாமானு யோசிக்கல, எப்படா திறப்பாங்கனு காத்துக்கிட்டு இருக்காங்க. அவங்க கவலை வேற. நவம்பர்ல காப்பிப் பழம் பழுக்கும், தை மாசம் வரைக்கும் பறிப்பு, போன வருஷம் ஸ்கூல் இல்லாததுனால பசங்களும் கூடவே பறிக்கப் போயி கிலோவுக்கு இவ்வளவுனு காசு பாத்துட்டாங்க. இந்த வருஷம் மணி அடிக்கறதும் பறிப்பு ஆரம்பிக்கறதும் ஒரே நேரம். நங்கையா சொல்லுச்சு, வாத்தியாருங்க ஸ்கூல்ல உக்காந்துட்டு இருந்தா பத்தாது, தோட்டத்துக்குள்ள வந்து கூப்பிட்டா தான் வருவாங்கனு.

எங்க ஊருலயும் அதே தாங்க. எங்க எதுத்த வீட்டுப் பையன், எட்டாவது, கணக்குல கெட்டிக்காரன். மொத லாக்டவுன்ல பொழுது போகலைனு பட்டறைல வந்து உக்காந்தான், சலங்கை மாட்டக் கத்துக்கிட்டான், அப்பறம் பொடி வெச்சு கேஸ் நெருப்பு ஊதி ஒட்டறதும் கத்துக்கிட்டான். சின்னக் கை, வெரல் சுறுசுறுப்பு, ஒரு நாளைக்கு எங்கள விட ஜாஸ்தி மாட்டுவான். இப்ப வாரத்துக்கு கைச்செலவு போக வீட்டுக்கும் குடுக்கறான், ஒரு செகண்ட் ஹேண்ட் போன் வாங்கிட்டான். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு, அவங்கப்பாவும் போடானு சொல்லல. ஒண்ணாந்தேதி ஸ்கூல் போறியாடானு கேட்டா, அங்க போயி என்னக்கா பண்றதுங்கறான். கேஸ் புகைல அவன் கண்ணு எப்பவும் செவப்பா இருக்கு, வெரல் நுனி எல்லாம் சுட்ட தழும்பு. கொரோனா அந்தப் பையன் மூக்குக்குள்ள போகல, ஆனா அவன விட்டுட்டுப் போச்சுனும் சொல்ல முடியாது. பின்னாடி தெருவுல பத்தாவது முடிச்ச ஒரு பொண்ணுக்கு ஆவணில கல்யாணம் ஆயிருச்சு, அதப் பத்தி நான் எழுத மாட்டேன், எழுதுனா ஊருல இருக்க முடியாது.

இதெல்லாம் பாத்துத் தான் நான் முடிவு பண்ணேன், பாப்பாவ அனுப்பறதுனு. பயம் போகல. தினமும் சாயங்காலம் வந்ததும் வாசல்லயே குளிக்க வெச்சு தான் உள்ள விடப்போறேன், ராத்திரி ஆயா கூட படுக்கறது கொஞ்ச நாளைக்கு கிடையாது, அதுக்கு இப்பவே அழுக ஆரம்பிச்சுட்டா. போன வருஷம் தெச்ச பினாஃபோர் முட்டிக்கு மேல ஏறிப்போச்சு, ஒரு நாள் கூட போடாத யூனிபார்ம பிரிச்சு கீழ வேற துணி வெச்சு தெச்சிருக்கேன். ஆறு மாஸ்க் தெச்சேன், ஒவ்வொண்ணுலயும் ஓரத்துல செவப்பு நூல்ல அவ பேரோட மொத எழுத்து, ஏன்னா இந்த வயசுப் பசங்க பென்சில் மாத்தற மாதிரி மாஸ்க்கையும் மாத்திக்கும்னு டீச்சரம்மா சொன்னாங்க.

அந்த ஒப்புதல் கடிதம் இந்த தடவையும் வரும்னு நினைக்கறேன். வந்தா கையெழுத்துப் போடுவேன். ஆனா கோட்டுக்குக் கீழ பேனாவுல நானும் ஒரு வரி எழுதப் போறேன், "வகுப்பில் யாருக்காவது தொற்று வந்தால் அன்றே எனக்குத் தெரிவிக்க வேண்டும்"னு. எங்க தெருவுல பதினோரு அம்மாங்ககிட்ட சொல்லிட்டேன், அவங்களும் எழுதறோம்னுட்டாங்க. மாவட்டக் கல்வி அதிகாரி யாராவது இதப் படிச்சா அந்த வரிய அச்சுலயே போட்டுக் குடுத்துருங்க, எங்களுக்கு கை மிச்சம்.

இப்படிக்கு,
ரெண்டு பசங்களோட அம்மா,
சிவதாபுரம், சேலம்.

பின்குறிப்பு: லெட்டர் பெருசாயிருச்சு, எடம் இல்லைன்னா சுருக்கிக்கோங்க. தேளு, மூடுபனி எல்லாத்தையும் வெட்டிக்கலாம். அந்த அஞ்சு நாள் விஷயத்த மட்டும் வெட்டாதீங்க.